ஆல்டர் டேபிளுக்கு முன் ஒரு வரி

லைவ் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) ஓட்டும் முன், அதே செஷனில் லாக் டைம்அவுட்டை (lock_timeout, அதாவது டேபிளின் லாக் கிடைக்கக் காத்திருக்கும் நேர வரம்பு) 3 விநாடி என்று செட் செய்துவிடுங்கள். இயல்பாக அது 0. அதாவது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். ஏதாவது நீளமான ரிப்போர்ட் குவெரி அந்த டேபிளைப் படித்துக்கொண்டிருந்தால் ஆல்டர் அதன் பின்னால் நிற்கும். அடுத்து வரும் சாதாரண செலக்ட்கூட ஆல்டருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். குவெரி ஒன்றுதான், ஆனால் ஆப் மொத்தமும் உறைந்துபோகும். டைம்அவுட் இருந்தால் ஆல்டர் எரர் தந்து விலகிவிடும், வரிசை நகரும். சற்றுப் பொறுத்து மறுபடி ஓட்டலாம்.

இது கட்டுப்படுத்துவது காத்திருக்கும் நேரத்தை மட்டும்தான். இன்டீஜர் வகை நெடுவரிசையை (column) பிக்இன்ட் ஆக்குவதுபோல் டேபிள் முழுவதையும் திருப்பி எழுதும் வேலையில், லாக் கிடைத்தபின் எழுதி முடியும்வரை ஆல்டர் அதை விடாது. கன்கரன்ட்லி (டேபிளில் எழுதுவதைத் தடுக்காத முறை) போட்டு இண்டெக்ஸ் உருவாக்கும்போது இந்த டைம்அவுட் வேண்டாம். பாதியில் நின்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும், அதைத் தேடிப்பிடித்து டிராப் செய்ய வேண்டும்.