வரிசையில் நிற்கிற பிள்ளைக்குப் பந்து வராது

கோவை நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச்சில் சென்னை சிட்டி கால்பந்து அணி ஐ-லீக் என்கிற தேசியத் தொடரின் பட்டத்தை வென்ற அன்று கேலரியில் இருந்தேன். அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் மைதானத்துக்கு வழக்கத்தைவிட நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். புது பூட்ஸ், திருப்பூரில் தைத்த ஜெர்சி, கண்ணில் அத்தனை ஆசை. வருடக் கடைசிக்குள் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். படிப்பு, டியூஷன் என்று காரணம் சொன்னார்கள். பிழை பயிற்சி கொடுத்த எங்களிடம் இருந்தது என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

முதல் பிழை, வரிசை. ஒரு பந்து, இருபது பிள்ளைகள். ஒருவன் ஓடிப்போய் கோலுக்கு அடித்துவிட்டுத் திரும்ப அரை நிமிடம் ஆகும். இருபது நிமிடம் இப்படி நடத்தினால் ஒரு பிள்ளைக்கு இரண்டே இரண்டு முறைதான் பந்து கிடைக்கும். மீதி பத்தொன்பது நிமிடம் முன்னால் நிற்பவன் முதுகைச் சுரண்டிக்கொண்டு நிற்பான். அவனுக்குக் கவனமில்லை என்று நாம் திட்டுவோம். பெற்றோர் ஒரு நாள் ஓரமாக நின்று உங்கள் பிள்ளையின் காலில் பந்து எத்தனை தடவை படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை வைத்தே பயிற்சி எப்படி என்று முடிவு செய்யலாம்.

பந்து வாங்கக் காசில்லாத பள்ளிகள் இங்கே நிறைய உண்டு. நாலு பந்துதான் என்றால் நாலு கூட்டமாகப் பிரியட்டும். நாலு பேர் சுற்றி நின்று பந்தைக் கடத்த, நடுவில் ஒருவன் பறிக்க வேண்டும். ஸ்பெயினில் இதற்கு ரோண்டோ என்று பெயர். பார்சிலோனா கிளப்பில் பொடியன்கள் முதல் பெரியவர்கள் வரை ஆடுகிற பயிற்சி. அது முடிந்ததும் நாலுக்கு நாலு மேட்ச். கோலுக்கு இரண்டு செருப்பு போதும். பந்து வருமுன் தலையைத் தூக்கிப் பார்ப்பது, ஏமாற்றுவது, ஏமாறுவது எல்லாம் அங்கேதான் படியும். தரையில் வைக்கிற பிளாஸ்டிக் கோனைச் சுற்றி ஓடுவதில் படியாது, ஏனென்றால் கோன் பந்தைப் பறிக்க வராது.

பத்து வயதுப் பிள்ளைகளை நூறு மீட்டர் மைதானத்தில் பக்கத்துக்குப் பதினொருவராக இறக்கினாலும் இதே கதிதான். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அந்த வயதுக் கோலி (கோல்கீப்பர்) எம்பினாலும் மேல் கம்பிக்குக் கை எட்டாது. தூக்கி அடிக்கிறவன் ஜெயிப்பான், பாஸ் போட முயன்றவன் தோற்பான், தோற்றவன் அடுத்த முறை அவனும் தூக்கி அடிப்பான். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2018-இல் 6 முதல் 12 வயதுக்காரர்களுக்குத் தொடங்கிய கோல்டன் பேபி லீக்கில் சின்ன மைதானம், குறைந்த ஆட்கள் என்று வைத்தது இதனால்தான். பந்திலும் கவனம் வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை 4-ஆம் நம்பர், அதற்கும் சின்னவர்களுக்கு 3. யூனிஃபார்ம் எடுக்கிற மாதிரி, “வளந்தாலும் ஆகுமுங்க” என்று 5-ஆம் நம்பரை வாங்கித் தராதீர்கள். அது 410 முதல் 450 கிராம் எடை. சின்னக் கால் அதை உதைக்கத்தான் முடியும், அடக்க முடியாது.

இரண்டாவது பிழை எனக்கு இன்னும் வலிக்கிறது. பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிக்கு பதினாலு வயதுக்குட்பட்ட டீம் எடுக்கும்போது, உயரமாக, மீசை அரும்பியவனாகப் பார்த்து எடுப்போம். ஆண் பிள்ளைகளுக்கு வேகமான வளர்ச்சி சராசரியாக 14 வயதையொட்டி வரும். சிலருக்கு முன்னதாக, சிலருக்குப் பின்தங்கி. ஒரே வகுப்பில் 13 வயதுக்காரர் இருவரை நிறுத்தினால் உடம்பில் மூன்று வருட வித்தியாசம்கூடத் தெரியலாம். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவது வேறு இந்த வித்தியாசத்தைக் கூட்டும். பந்தை அழகாக அடக்கத் தெரிந்த ஒரு பொடியனை மூன்று போட்டிகளில் பெஞ்சிலேயே உட்காரவைத்தேன். சில வருடம் கழித்து பெருந்துறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது என்னைவிட அரை அடி உயரமாக நின்றான். “இன்னும் ஆடறயா கண்ணு?” என்றேன். “இல்லீங் சார், அப்பவே உட்டுட்டேனுங்” என்றான். அன்று கேடயம் வாங்கினோம். அது இப்போது எந்த அலமாரியில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

குண்டாக இருப்பவன் கோலி, மெதுவாக ஓடுபவன் பின்னால் நின்று தடுக்கிற பேக் என்று முத்திரை குத்துவதும் வேண்டாம். பன்னிரண்டு வயது வரை எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடட்டும். தப்புச் செய்தால் மைதானத்தை நாலு ரவுண்டு ஓடச் சொல்லாதீர்கள்; ஓட்டத்தையே வெறுத்துவிடுவார்கள். தலையால் முட்டும் பயிற்சிக்கு அவசரமில்லை. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இல் 10 வயது வரையுள்ளவர்களுக்கு அதைத் தடையே செய்துவிட்டது.

குதிகால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடுகிறோம். வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்பகுதியைத் தசைநாண் இழுப்பதால் வருகிற வலியாக இருக்கலாம். உருவினால் தீராது. சில வாரம் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்தால் தணியும். நொண்டினாலோ வீங்கினாலோ எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தாண்டுகிற ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்குமேல் முகாம் நடத்தாதீர்கள். தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று தடுப்பது ஆபத்து. கால் மணிக்கொரு தரம் நிறுத்திக் குடிக்கவிடுங்கள்.

கடைசியாக, பெண் பிள்ளைகள். வயசுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பெற்றோர்மேல் பழி போட்டு நாங்களும் சும்மா இருந்தோம். பிறகு ஒரு அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டபோது, உடை மாற்ற இடமில்லை, கூட ஒரு பொம்பளை ஆள் இல்லை, ஷார்ட்ஸ் போட அவளுக்கே கூச்சம் என்றார். தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை, கூட நிற்க ஒரு அக்கா, டிராக் பேண்டோடு ஆடலாம் என்ற அனுமதி. இவ்வளவுதான் செய்தோம். நின்றுபோன நாலு பேரில் மூவர் திரும்பி வந்தார்கள். நாலாவது பிள்ளையின் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன்.