வீட்டிலா, வைத்தியசாலையிலா: மட்டக்களப்பில் பேறுகாலத்துக்கு இடம் தெரிவு செய்தல்

இலங்கையில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலைகளிலேயே பிறக்கின்றன. ஆயினும், "அம்மம்மா எல்லாப் பிள்ளையையும் வீட்டிலேதானே பெற்றா" என்ற பேச்சு நமது குடும்பங்களில் இன்னும் எழுகிறது. வெளிநாட்டு வீட்டுப் பிரசவக் காணொளிகளைப் பார்த்த இளம் தாய்மாரும் வீட்டிலேயே பெற்றால் என்ன என்று கேட்கின்றனர். இதற்கு விடை காண இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும்: பிரசவ வேளையில் பக்கத்தில் நிற்கப்போகிறவர் யார், சிக்கல் நேர்ந்தால் சத்திரசிகிச்சைக் கூடத்தை எவ்வளவு நேரத்தில் அடைய முடியும்.

இங்கிலாந்தில் ஆபத்துக் குறைந்த 64,000க்கு மேற்பட்ட தாய்மாரை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்கு வீட்டுப் பிரசவத்தால் குழந்தைக்கு மேலதிக ஆபத்துத் தென்படவில்லை. தலைப்பிள்ளைக்காரரிடையேயோ, குழந்தைக்குப் பாரதூரமான பாதிப்பு வைத்தியசாலையில் ஆயிரத்துக்கு 5.3 ஆகவும் வீட்டில் 9.3 ஆகவும் இருந்தது. வீட்டில் தொடங்கிய தலைப்பிள்ளைக்காரரில் நூற்றுக்கு 45 பேர் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டனர். இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற மருத்துவ மாதர் மருந்துகளோடும் குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் கருவியோடும் வீட்டுக்கு வருகிறார்கள். நமது குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவது தாயையும் சேயையும் பராமரிப்பதற்கே. வீட்டில் பிரசவம் பார்ப்பதற்கென ஒழுங்கமைந்த சேவை இங்கு இல்லை. ஆகவே அந்த ஆய்வைக் காட்டி இங்கு வீட்டுப் பிரசவத்தைத் தெரிவு செய்ய முடியாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வைத்தியசாலைதான் சரியான தெரிவு என்பது எனது உறுதியான கருத்து.

காரணத்தை விளக்க ஒன்றே போதும். நிறைமாதத்தில் தாயின் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றருக்கும் மேலாகக் குருதி பாய்கிறது. பிள்ளை பிறந்த பின் கருப்பை இறுகிச் சுருங்காவிட்டால், கர்ப்ப காலம் முழுவதும் எந்தக் குறையுமில்லாதிருந்த தாய்கூட மிகக் குறுகிய நேரத்தில் உயிராபத்துக்கு உள்ளாவாள். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஒக்சிற்றோசின் ஊசியும் குருதி ஏற்றும் வசதியும் அப்போது கைக்கெட்டிய தூரத்தில் இருந்தாக வேண்டும்.

அடுத்து, எந்த வைத்தியசாலை என்பதை ஏழாம் மாதத்துக்குள் தீர்மானியுங்கள். கிளினிக்கில் தரப்படும் கர்ப்பிணிப் பதிவேட்டை எடுத்துச் சென்று, குருதியமுக்கம், சலரோகம், முன்னைய சிசேரியன், இரட்டைப் பிள்ளை, பிள்ளையின் கிடை ஆகியவற்றைக் காட்டி வைத்தியரிடம் கேளுங்கள். சிக்கல் உள்ளவர்களை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும். மற்றவர்களுக்குக் களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளில் அருகிலுள்ளது பொருந்தலாம். இரவிலும் சத்திரசிகிச்சை செய்ய அங்கே வசதியுண்டா என்பதையும் கேட்டு வையுங்கள்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்கள் பாதையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மண்டூரில் இருந்து குருமண்வெளிக்குப் படகில் வாவியைக் கடந்தால் களுவாஞ்சிக்குடி கிட்டத்தான். ஆனால் படகு ஓடாத நேரத்தில் வெல்லாவெளி வழியாகப் பட்டிருப்புப் பாலத்துக்குச் சுற்றியே வர வேண்டும், மாரி வெள்ளத்தில் அந்த வீதியும் நீருக்குள் போய்விடுவதுண்டு, இரவில் யானைப் பயமும் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் திகதி விழுந்தால் சில நாள் முன்னதாகவே வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உறவினர் வீட்டில் தங்குவதையோ, வைத்தியசாலையில் அனுமதி பெறுவதையோ பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரோடு பேசுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம் என்றாலும், இரவில் வரக்கூடிய வாகனம் ஒன்றையும் அயலில் சொல்லி வையுங்கள்.

தலைப்பிள்ளையானால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடிக்கும் வயிற்றுக்குத்து ஒரு மணி நேரம் தொடர்ந்தால் புறப்படலாம். தூரத்தில் இருப்பவர்களும் இரண்டாம் பிள்ளைக்காரரும் அவ்வளவு காத்திருக்கக் கூடாது. பன்னீர்க்குடம் உடைதல், இரத்தம் படுதல், பிள்ளையின் அசைவு குறைதல், கடுந்தலையிடியோடு கண் மங்குதல், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் குத்துக்காகக் காத்திராமல் உடனே செல்லுங்கள்.

வீட்டில் பெற விரும்புகிறவர்களின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் தனிமைப் பயமே. தாய் மகளுக்கு வீடு கொடுத்து அருகிலேயே வாழும் நமது வழக்கத்தில், அந்தத் தாய் வெளியே நிற்க, முன்பின் தெரியாதவர் நடுவே வலி தாங்குவது இலேசான காரியமல்ல. பிரசவ அறையில் ஒரு பெண் துணைக்கு இடமுண்டா என்று முன்னரே கேளுங்கள். நடைமுறை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முடிந்தால் பிரசவ விடுதியை ஒருமுறை பார்த்து வாருங்கள். பேறுக்குப் பின் வழக்கமான வேதுநீர்க் குளிப்பும் பத்தியச் சரக்குச் சாப்பாடும் வீடு திரும்பிய பின் வைத்தியரிடம் கேட்டுச் செய்யலாம்.

வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டால் 1990ஐ அழைத்து, பிள்ளையை உலர்ந்த சுத்தத் துணியால் நன்றாகத் துடைத்து, தாயின் வெறும் மார்பில் கிடத்தி, தலையோடு போர்த்துங்கள். தொப்புள்கொடியை வெட்டவோ இழுக்கவோ வேண்டாம். நச்சுக்கொடி தானாக வந்தால் அதை ஒரு பையிலிட்டுக் கூடவே கொண்டு செல்லுங்கள். அது முழுமையாக வந்ததா என்று வைத்தியசாலையில் பார்க்க வேண்டியிருக்கும்.