காய்ந்துபோன பெரணியைத் தூக்கிப் போடாதீர்கள்

பங்குனி வந்தால் தெரிந்தவர்களில் நாலு பேராவது, "பெரணி செத்துப்போச்சுங்க, தூக்கிப் போட்டுட்டேன்" என்பார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும். அடியான்டம் பிலிப்பென்ஸ், அதாவது கருங்கம்பி போன்ற தண்டும் அரைவட்ட இலையுமாக வளரும் மெய்டன்ஹேர் பெரணி, வறட்சியில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் தூங்கும் வகை. மேல்மண்ணை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள், கிழங்குத்தண்டு கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. மழை பிடித்ததும் ஒருநாள் காலையில் சுருண்ட இளந்தளிர் கொக்கி மாதிரி எட்டிப் பார்க்கும்.

செத்துவிட்டதோ என்ற பயத்தில் அந்த நேரம் தினமும் குடம் குடமாக ஊற்றுவதுதான் இதைவிடப் பெரிய தவறு. இலையே இல்லாத செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? கிழங்கு அழுகிவிடும். மண் முழுக்க வறண்டுபோகாத அளவுக்கு அப்பப்போ தெளித்தால் போதும்.

அப்புறம் தண்ணீர். உப்பில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வரும் கோவை வீடு என்றால் கவலை இல்லை. போர் போட்ட சப்பத்தண்ணி, அதாவது உப்புத்தண்ணிதான் என்றால் உப்பு மண்ணில் சேர்ந்து இலை ஓரம் கருகும், மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் சல்லிசாகக் கிடைக்கிற தென்னை நார்க்கழிவிலும் இதே உப்புதான், ரெண்டு மூணு தடவை அலசாமல் கலக்காதீர்கள்.

நிழல் இருந்தால் போதும் என்று நினைத்து வீட்டின் மேற்குப் பக்கம் வைக்காதீர்கள், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் இந்த மெல்லிய இலை ரெண்டே நாளில் சருகாகும். கிணற்றுமேட்டுச் சுவரோரம், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால், இப்படி ஈரமும் மறைப்பும் உள்ள இடம்தான் சரி. நடும்போது கிழங்கை ஆழப் புதைக்க வேண்டாம், அரை அங்குலம் மண் மூடினால் போதும்.

இலை விளிம்புக்கு அடியில் பழுப்புக் கோடு தெரிந்தால் பூச்சி என்று மருந்து அடித்துவிடாதீர்கள், அது பெரணி இனம்பெருக்குகிற வித்துத்தூள்.

ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது பாறை இடுக்கில் பார்த்ததும் பிடுங்கத் தோன்றும். அது புலிகள் காப்பகம், எடுப்பது குற்றம். அவசியமும் இல்லை: இதன் இலையின் நடுத்தண்டு நூல்போல நீண்டு நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் குட்டிச்செடி வரும். அந்த நூலை வேண்டாத வால் என்று நறுக்காமல் விட்டவர்கள் வீட்டில் கேளுங்கள், ஆவணியில் ஒரு குட்டியாவது தருவார்கள்.