ஆண், பெண் என்று அடங்காத உடலும் ஈர்ப்பும்: மத ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குத்தந்தை, போதகர், இமாம், வீட்டுப் பெரியவர் என யாரிடம் போனாலும் முதல் தவறு ஒன்றுதான்: தன்பாலீர்ப்பு, திருநர், ஊடுபால் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது. யார்மீது ஈர்ப்பு வருகிறது என்பது ஒன்று. தன்னை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா என்பது வேறு; திருநர் என்ற சொல் இதைப் பற்றியது. குரோமோசோம், சுரப்பி, பிறப்புறுப்பு ஆகியவை வழக்கமான ஆண், பெண் அமைப்பில் அடங்காமல் பிறப்பது மூன்றாவது. அதுதான் ஊடுபால். பைபிளில் லேவியராகமம் 18:22 பேசுவது ஆணோடு ஆண் கூடும் செயலைப் பற்றி. ஊடுபால் குழந்தையைப் பெற்றவர்களிடம் அதை வாசித்துக் காட்டுவது அபத்தம். அவர்களுக்கு மத்தேயு 19:12 இருக்கிறது. தாயின் வயிற்றிலிருந்தே அண்ணகர்களாய் (இனப்பெருக்க ஆற்றல் இல்லாதவர்களாய்)ப் பிறந்தவர்கள் உண்டு என்று இயேசு அங்கே எந்தப் பழியும் சுமத்தாமல் சொல்கிறார்.

பழைய இஸ்லாமியச் சட்ட (ஃபிக்ஹ்) அறிஞர்கள் இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. ஓரினப் புணர்ச்சியைப் பாவம் என்றவர்களே, 'குன்ஸா'வுக்கு, அதாவது ஊடுபால் மனிதருக்கு, தொழுகையில் எந்த வரிசை, வாரிசுரிமையில் எவ்வளவு பங்கு என்று தனியாக எழுதினார்கள். ஆண், பெண் என்று முடிவுசெய்ய முடியாதவருக்கு ஹனஃபி சட்டப் பிரிவின் நிறுவனர் அபூ ஹனீஃபா, ஆண் பங்கு, பெண் பங்கு இரண்டில் குறைந்ததைக் கொடுத்தார். மாலிக்கி சட்டப் பிரிவினர் இரண்டின் சராசரியைக் கொடுத்தார்கள். பங்கில் வாதம் உண்டு. பிறவியைக் குற்றமாக்கும் பேச்சு அங்கே இல்லை.

குழந்தை பிறந்த வீட்டில் நடக்கும் தவறுதான் மிக ஆபத்தானது. அவசரப்பட வேண்டியதில் பொறுமை, பொறுக்க வேண்டியதில் அவசரம். பிறப்புறுப்பு தெளிவாக இல்லாத குழந்தைக்கு அட்ரினல் சுரப்பிக் கோளாறு (சி.ஏ.எச்.) இருக்கக்கூடும். அதில் உப்பு இழக்கும் வகை, பிறந்த 1 முதல் 3 வாரங்களுக்குள் வாந்தி, பால் குடிக்காமை, எடை குறைவு என்று தொடங்கி உயிரையே எடுத்துவிடும். சோடியம், பொட்டாசியம், 17-ஓ.எச்.பி. என்ற ஹார்மோன் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும். உறுதியானால் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஹார்மோன் மருந்தைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். "ஜெபித்துக் காத்திருங்கள்" என்று சொல்லும் இடம் இதுவல்ல.

மாறாக, தோற்றத்தைச் சரிசெய்யும் அறுவைக்கு அவசரமே இல்லை. "ஆணும் பெண்ணுமாக" என்ற ஆதியாகமம் 1:27ஐக் காட்டி இதற்குத் தூண்டுபவர்கள் உண்டு. உணர்ச்சி போகலாம், கருவளம் போகலாம். வளர்ந்த பிள்ளை தன்னை வேறு பாலாக உணரலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இத்தகைய அறுவையைக் கண்டித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, உயிராபத்து நேரும்போது தவிர மற்றபடி குழந்தைகளுக்கு இதைத் தடைசெய்தது.

தன்பாலீர்ப்புக்கு வருவோம். கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை நூலான மறைக்கல்வியில் ஒரு சாரார் 2357ஆம் பத்தியை மட்டும் சொல்வார்கள். அதன்படி ஓரினப் புணர்ச்சி ஒழுங்கு பிறழ்ந்த செயல். இன்னொரு சாரார் 2358ஐ மட்டும் சொல்வார்கள். அது அந்த மனிதர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்கச் சொல்கிறது, அநியாயமான பாகுபாட்டை விலக்கச் சொல்கிறது. பாதியைச் சொல்வதும் திரிப்புதான். 2023 டிசம்பர் 18 வத்திக்கான் அறிக்கையையும் இப்படியே பாதி சொல்லித் திரித்தார்கள். ஒரே பால் இணையருக்கு வழிபாட்டுச் சடங்கு இல்லாத ஆசி தரலாம் என்றது. திருமணம் பற்றிய போதனையை அது மாற்றவில்லை.

"இந்து மதம் எப்போதும் ஏற்றது" என்பதும் அவசரப் பேச்சு. பாதி ஆண், பாதி பெண்ணான அர்த்தநாரீஸ்வரர் ஒரு தத்துவம்; மருத்துவ நிலையின் சித்திரம் அல்ல. ஆணோடு ஆண் கூடினால் உடுத்த துணியோடு குளிக்கும் பிராயச்சித்தத்தை மனு தர்ம நூல் சொல்கிறது. கோயில் சிற்பங்கள் வேறு கதை சொல்கின்றன. இரண்டில் ஒன்றை எடுத்து மதத்தின் தீர்ப்பு என்று கூறக்கூடாது.

நம்பி வந்த இளைஞரிடம் செய்யக்கூடாதவை மூன்று. அவர் அனுமதியின்றிப் பெற்றோரிடம் சொல்லக்கூடாது. வீட்டைவிட்டு விரட்டுவதும் அடிப்பதும் அங்கிருந்தே தொடங்கும். "கல்யாணம் பண்ணினா சரியாகிடும்" என்று சொல்லக்கூடாது; முன்பின் தெரியாத இன்னொருவர் வாழ்க்கையும் அதில் சிக்கும். ஈர்ப்பையோ பாலின உணர்வையோ மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை'க்கு அனுப்பக்கூடாது. அதைச் செய்யும் மருத்துவர் தொழில் ஒழுக்கம் மீறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. முதலில் கேட்க வேண்டியது, "இன்று இரவு உனக்குப் பாதுகாப்பான இடம் இருக்கிறதா?" என்பதுதான். சாகும் எண்ணம் வெளிப்பட்டால் போதனையை நிறுத்திவிட்டு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைத்து, அழைப்பு முடியும்வரை கூடவே இருங்கள்.