சொருகினால் ஓடும் கேம் கேசட்: வீட்டில் செய்யும்போது எங்கே தவறுகிறோம்?

பழைய டிவி கேம் கேசட் மாதிரியே ஒன்றைச் செய்து, கம்ப்யூட்டரில் சொருகியதும் கேம் தானாக ஓட வேண்டும். தருமபுரியில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சிலர் இந்த லீவில் இதில்தான் இறங்கியிருக்கிறார்கள். மெமரி கார்டு, கார்டு ரீடர், ஒரு பிளாஸ்டிக் கூடு இருந்தால் ஆரம்பித்துவிடலாம். ஆனால் பெரும்பாலானோர் முதல் படியிலேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

அந்த முதல் படி ஆட்டோரன், அதாவது டிரைவைச் சொருகியதும் அதிலுள்ள புரோகிராமை விண்டோஸ் தானாக ஓட்டும் வசதி. பென்டிரைவில் ‘ஆட்டோரன்’ ஃபைல் ஒன்றைப் போட்டு, அதில் கேமின் பெயரை எழுதினால் போதும் என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். சிடி காலத்துக்கு அது சரி. 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர் வைரஸ் இதே வழியாகத்தான் பென்டிரைவுக்குப் பென்டிரைவு தாவியது. அதனால் 2009-ல் வந்த விண்டோஸ் 7-லேயே மைக்ரோசாஃப்ட் பென்டிரைவுக்கு இந்த வசதியை எடுத்துவிட்டது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட் கொடுத்து அடைத்தது. இன்று அந்த ஃபைலைப் போட்டால் டிரைவின் பெயரும் படமும் மாறும், அவ்வளவுதான். கேம் ஓடாது. இது தெரியாமல் கார்டைக் குறை சொல்லி, கார்டு மாற்றி கார்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய தவறு அடுத்ததாக வருகிறது. ஆட்டோரன் வேலை செய்யவில்லை என்று, சொருகிய டிரைவில் எந்த புரோகிராம் இருந்தாலும் ஓட்டிவிடும் ஸ்கிரிப்ட் (பின்னணியில் ஓடும் சின்ன புரோகிராம்) ஒன்றை எழுதி வைப்பது. மைக்ரோசாஃப்ட் அடைத்த ஓட்டையை நாமே திறந்துவிடுகிறோம். ஜெராக்ஸ் கடையில் போட்டு எடுத்த பென்டிரைவை அப்பா கொண்டுவந்து அதே கம்ப்யூட்டரில் சொருகினால் என்ன ஆகும்? அதில் ஒட்டிக்கொண்டு வந்தது எதுவானாலும் கேட்காமலே ஓடும். வீட்டு வரவு செலவு, பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் இருக்கும் கம்ப்யூட்டர் அது.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: கேசட்டைச் சாவியாக மட்டும் வையுங்கள். கேம் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். கார்டில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல், அதில் ‘கார்ட்007’ மாதிரி ஒரு அடையாளம், அது போதும். கம்ப்யூட்டரில் ஓடும் ஸ்கிரிப்ட் அந்த அடையாளத்தைப் படித்து, தன்னிடம் உள்ள பட்டியலில் இருந்தால் மட்டும் உரிய கேமைத் திறக்க வேண்டும். பட்டியலில் இல்லையா, எதுவும் செய்யக் கூடாது. கார்டில் உள்ள புரோகிராமை ஸ்கிரிப்ட் ஒருபோதும் தானாக ஓட்டக் கூடாது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் ஆப் வழியாக வாங்கிய கேம்களுக்கும் இதுதான் ஒத்துவரும். அவற்றில் பலவும், ஃபோல்டரை மட்டும் கார்டில் காப்பி அடித்துப் போட்டால் ஸ்டீம் இல்லாமல் ஓடாது.

ஸ்கிரிப்டில் சில சின்ன விஷயங்கள் உயிரை வாங்கும். டிரைவ் எழுத்தை நம்பாதீர்கள். இன்று ‘ஈ’ என்று வருவது, இன்னொரு பென்டிரைவ் இருந்தால் நாளை ‘எஃப்’ ஆகும். அடையாள ஃபைலின் கடைசியில் தெரியாமல் தட்டிய என்டர் இருந்தால் பட்டியலோடு பொருந்தாது. படிக்கும்போதே அதை வெட்டிவிடுங்கள். விண்டோஸில் டிரைவ் வந்த செய்தி ஒரே சொருகலுக்கு இரண்டு முறையும் வரலாம், கேம் இரண்டாகத் திறக்கும். ஏற்கெனவே ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். யுஎஸ்பி சொருகலை மட்டும் கவனிக்கும் ஸ்கிரிப்ட், எப்போதும் மாட்டியே இருக்கும் கார்டு ரீடரில் கார்டைப் போட்டால் கண்டுகொள்ளாது. லினக்ஸில், சொருகிய சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற பகுதிக்கு எழுதும் விதியிலிருந்தே நேரடியாக கேமைத் திறக்கப் பார்ப்பார்கள். நீண்ட நேரம் ஓடுவதை யூடெவ் கொன்றுவிடும். பின்னணி வேலைகளை நடத்தும் சிஸ்டம்டியில் சர்வீஸ் ஒன்றை எழுப்பச் சொல்லி, கேமை அதனிடம் விடுங்கள்.

ஆட்டம் எதுவரை வந்தது என்று பதிந்துவைக்கும் சேவ் ஃபைலைக் கார்டில் வைப்பது இன்னொரு தவறு. பாலக்கோட்டில் என் அக்கா மகன் ஆட்டம் முடிந்ததும் கேசட்டைச் சட்டென்று உருவுவான். “பழைய கேசட்டும் இப்படித்தானே மாமா எடுப்பாங்க?” என்பது அவன் நியாயம். கேம் சேவ் எழுதிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் உருவினால் சேவ் போவதோடு கார்டின் ஃபைல் அமைப்பே குலையலாம். சேவ் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். அப்புறம் பெரிய எஸ்டி கார்டின் பக்கத்தில் உள்ள பூட்டு விசையைத் தள்ளி, எழுத முடியாதபடி வைத்துவிடலாம்.

இல்லை, முழு கேமும் கார்டில்தான் வேண்டும், கையாலேயே திறந்துகொள்கிறேன் என்றால் கார்டை எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் அமைப்பில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய அமைப்பான ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் 512 ஜிபி கார்டுகளில் போலி நிறைய. நிரப்பிப் படித்துப் பார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி ஒன்றில் சோதித்த பிறகே கேமை ஏற்றுங்கள்.

கூடு விஷயத்தில் நம் ஊர் வெயிலை மறக்கக் கூடாது. பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் எடுத்தால் 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். மே மாதம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதைச் சாதாரணமாகத் தாண்டும். வளைந்த கூடு அப்புறம் ரீடரில் போகாது. பிரிண்ட் செய்து தருபவரிடம் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கைக் கேளுங்கள், அது 80 டிகிரி வரை தாங்கும். கிரானைட் குவாரிப் பக்கம் வீடு இருப்பவர்கள் சொருகும் வாய்க்கு மூடி வைப்பது நல்லது. தூசி போக வாயால் ஊதினால் எச்சில் ஈரம் முனைகளில் படியும், தூசியும் அதில் ஒட்டும். சின்ன பிரஷ் போதும்.

கார்டுக்குப் பதில் பென்டிரைவின் உள்பலகையைக் கூட்டுக்குள் பசை போட்டு ஒட்டும்போது, கேசட்டை அழுத்தும் விசை முழுவதும் நான்கு சால்டர் புள்ளிகள் மேல் விழாதபடி பின்னால் ஒரு தாங்கல் கொடுங்கள். தினமும் சொருகி எடுப்பதாக இருந்தால், கம்ப்யூட்டரின் யுஎஸ்பி ஓட்டையிலேயே நேராகச் சொருகாதீர்கள். சாதாரண யுஎஸ்பி ‘ஏ’ வாய்க்குத் தர அளவே 1,500 முறை சொருகி எடுப்பதுதான். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டால் தேய்வது அந்த கேபிள்தான், மாற்றுவதும் சுலபம். படம் போட்ட ஸ்டிக்கரைக் கூட்டின் மேல் ஒட்டுங்கள். கார்டின் மேல் ஒட்டினால் ரீடருக்குள் சுருண்டு மாட்டிக்கொள்ளும்.