கல்யாணக் காரில் ஒட்டிய டேப் பசை: பெயின்ட் கெடாமல் எடுக்கும் முறை

கல்யாணம் முடிந்து வீடு வந்ததும் காரில் இருக்கும் பூவைப் பிய்த்துப் போட்டுவிடுகிறோம். டேப் அப்படியே கிடக்கும். மார்த்தாண்டத்தில் என் மாமா மகன் கல்யாணத்துக்கு என் காரைக் கொடுத்திருந்தேன். பத்து நாள் வெயிலில் நின்றபின் பார்த்தால், டேப்பின் மேல்தாள் மட்டும் உரிந்து வந்தது, பசை பானட்டிலேயே இறுகிவிட்டது. ஒரு பட்டறையில் தின்னர் போட்டுத் துடைத்தார்கள். பசையோடு மினுமினுப்பும் போய், உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த திட்டு விழுந்தது. உங்கள் காருக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. கம்பெனி பெயின்ட்டில் அது ஏறத்தாழ 40, 50 மைக்ரான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லியது. தின்னரும், நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோனும் அதையும் சேர்த்து இளக்கிவிடும். பிளேடும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் பெயின்ட் பக்கமே வரவேண்டாம்.

முதலில் கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றில் வரும் புழுதியும், கடலோரத்து மணலும் பெயின்ட்டில் படிந்திருக்கும். அதன்மேல் துணி வைத்துத் தேய்த்தால் கீறல்தான் மிச்சம். கழுவியபின் காரை நிழலில் நிறுத்தி, தகடு ஆறட்டும்.

அடுத்தது சூடு. ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். தகட்டைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு போதும். டிரையர் இல்லையென்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் போடலாம். பசை இளகியதும் மிச்ச டேப்பை மேல்நோக்கி இழுக்காமல், பின்பக்கமாக மடித்து மெதுவாக உரியுங்கள். பழைய ஏ.டி.எம். கார்டில் துணி சுற்றித் தள்ளினால் கணிசமான பசை திரண்டு வந்துவிடும்.

மீதிக்குத் தேங்காய் எண்ணெய். நம் ஊரில் அது இல்லாத வீடு ஏது? பஞ்சை எண்ணெயில் நன்றாக நனைத்துப் பசைமேல் வைத்து, வழியாமலிருக்க மேலே பால் கவரை வெட்டி மூடி, இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். இந்த இருபது நிமிடத்தில்தான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. எண்ணெய் ஊறி இறங்கினால்தான் பசை பிடியை விடும். அதற்குமுன் தேய்ப்பது பசையைப் பரப்புவதற்குத்தான் உதவும். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் துடைத்தெடுங்கள். போகவில்லையென்றால் இன்னொரு முறை ஊறவையுங்கள்.

அதற்கும் அசையாத பசைக்கு மண்ணெண்ணெய். பஞ்சர் கடை சொல்யூஷன் என்பது பெட்ரோல் போன்ற எண்ணெயில் கரைத்த ரப்பர்தானே? டேப் பசையில் பலவும் ரப்பர் வகை என்பதால் மண்ணெண்ணெய்க்கு இளகும். ஆனால் கதவின் உள்விளிம்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். மறுபெயின்ட் அடித்த வண்டி என்றால் இது கட்டாயம். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கில் படவிடாதீர்கள், உப்பிவிடும். டிரையரை எடுத்து வைத்துவிட்டு, அடுப்போ பீடியோ பக்கத்தில் இல்லாத திறந்த இடத்தில் செய்யுங்கள்.

எம்பளம், கதவில் கீறல் விழாமல் காக்கும் டோர் கார்டு பட்டை ஆகியவற்றை ஒட்டும் தடித்த ஃபோம் டேப் வேறு ஜாதி. அதை எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் அசைக்காது. சூடு காட்டிவிட்டு, குளச்சல் பக்கம் தங்கூசி என்று சொல்லும் நைலான் நரம்பை இருகையாலும் பிடித்து, தகட்டை ஒட்டி ரம்பம்போல் இழுத்தால் ஃபோம் அறுந்துவிடும். மிச்சப் பசைக்குப் பழையபடி எண்ணெய்.

எல்லாம் போனதும் எண்ணெய்ப் பிசுக்கு நீங்க ஷாம்புவில் கழுவி, காயவைத்து, அந்த இடத்தில் வாக்ஸ் பூசுங்கள். பழைய வாக்ஸ் பசையோடு போயிருக்கும்.

நாள்பட்ட ஸ்டிக்கர் என்றால், எடுத்தபிறகும் அதன் வடிவம் தெரியலாம். அது பசை இல்லை. சுற்றியிருந்த பெயின்ட் வெயிலில் மங்கியிருக்க, மூடியிருந்த இடம் பழைய நிறத்திலேயே இருக்கிறது. அதைச் சுரண்டவேண்டாம், மங்கிய பகுதிக்குப் பாலிஷ் போட்டால் வித்தியாசம் குறையும்.