மேற்கு அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றைத் துருவுவது எப்படி? ஃப்ரூட்டாவை வைத்து ஒரு வழிகாட்டி

தேடலை ஊர்ப் பெயரிலிருந்து தொடங்காதீர்கள், தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். யூட்டா மாநிலத்து ஃப்ரூட்டா இதற்கு நல்ல பாடம். ஒரே சமயத்தில் சுமார் பத்துக் குடும்பங்களுக்கு மேல் அங்கே வாழ்ந்ததில்லை. ஆனால் ஃப்ரீமாண்ட் ஆற்றில் சல்ஃபர் ஓடை கலக்கும் இடத்தில்தான் அது இருக்கிறது. நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் 1:24,000 தலப்படத்தை எடுங்கள். அதில் 1 அங்குலம் 2,000 அடி. செங்குத்துப் பாறைகளைக் காட்டும் சம உயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி வந்து, ஓரிடத்தில் மட்டும் விலகி நிற்கும். அந்தச் சமதளத்துக்கு ஆற்று நீரை வாய்க்காலில் தானாகவே ஓடவிடலாம். பழத்தோட்டங்கள் அங்கே வந்ததற்கு அதுவே காரணம்.

அடுத்தது நில அளவை. அமெரிக்க அரசு நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து அளந்தது. டவுன்ஷிப் என்ற பெரிய சதுரம் 6 மைலுக்கு 6 மைல். அதில் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். பலர் சறுக்குவது எண் வரிசையில்தான். செக்‌ஷன் 1 வடகிழக்கு மூலையில் இருக்கும். அங்கிருந்து மேற்கே 6 வரை போய், கீழ் வரிசையில் 7 முதல் 12 வரை கிழக்கே திரும்பும். உழவன் ஏர் திருப்புவதுபோல 36 வரை இப்படியே போகும். நில விவரத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள்: முதலில் செக்‌ஷன், பிறகு அதன் கால் பகுதி (160 ஏக்கர்), பிறகு அதிலும் கால் (40 ஏக்கர்). யூட்டாவில் அளவைக்கு இரண்டு தலைமை மெரிடியன்கள் (அளவை தொடங்கும் வடக்கு-தெற்குக் கோடுகள்) உண்டு. எதுவென்று குறித்துக்கொள்ளாவிட்டால் நிலம் வேறெங்கோ போய் விழும்.

பட்டாவில் உள்ள தேதியைக் குடியேறிய தேதியாக எடுத்துக்கொள்வதுதான் மிகப் பெரிய பிழை. குடியேறுவோருக்கு அரசு நிலம் தந்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 5 ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்த பிறகே பட்டா கிடைத்தது; 1912-இல் அது 3 ஆண்டானது. பணம் கட்டி முன்கூட்டியே வாங்கவும் வழி இருந்தது. எனவே எந்தச் சட்டத்தின் கீழ் பட்டா தரப்பட்டது என்று முதலில் பாருங்கள். அளவை முடியாத நிலத்திலோ எந்தக் காகிதமும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் உண்டு.

பெயரும் ஏமாற்றும். ஃப்ரூட்டாவின் பழைய பெயர் ஜங்ஷன். அதே யூட்டாவின் பையூட் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது) இன்றும் ஒரு ஜங்ஷன் இருக்கிறது; கொலராடோவில் வேறொரு ஃப்ரூட்டா இருக்கிறது. மேலும், ஃப்ரூட்டா இருக்கும் வேய்ன் கவுண்டி 1892-இல்தான் பையூட்டிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களைப் பையூட்டின் பெயரில் தேடுங்கள். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீ விபத்தில் சேதமாகி அழிந்தது. 1880-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை வரிப் பதிவுகள், தேவாலயப் பதிவுகள் கொண்டு நிரப்ப வேண்டும்.

ஃப்ரூட்டாவின் பள்ளிக்கூடம் 1896-இல் கட்டப்பட்டு 1941-இல் மூடப்பட்டது. ஊரைச் சுற்றியுள்ள கேபிடல் ரீஃப் பகுதி 1937-இல் தேசிய நினைவிடமாகி, 1971-இல் தேசியப் பூங்காவானது. இன்றைய 24-ஆம் நெடுஞ்சாலை 1962-இல் வந்தது. அதற்கு முன் வண்டிகள் கேபிடல் கார்ஜ் பள்ளத்தாக்கு வழியாகவே போயின. அதனால் 1962-க்கு முந்தைய தலப்படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தாக்கு வழியே போனவர்கள் பாறையில் செதுக்கிய பெயர்களும் தேதிகளும் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய ஃப்ரீமாண்ட் என்ற பழங்குடி மக்களின் பாறைச் செதுக்கல்களும் அப்பகுதியில் உண்டு. ஊரின் காலவரிசையை அவர்களிடமிருந்தே தொடங்குங்கள். எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸ் தடவாதீர்கள், கையாலும் தொடாதீர்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்து படமெடுத்தால் போதும், வெட்டு தெளிவாகத் தெரியும்.